தூம்பாவுக்கு ஒரு தோள்

என் அத்தை கன்னியாஸ்திரி. அப்பாவுக்கு நேர் மூத்தவர். கன்னியாஸ்திரி என்றாலே குரலைத் தாழ்த்தி, பாதம் பதியாமல் நடப்பவர் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்க, இவர் புத்தூர் நால்ரோட்டில் மொபெட்டை நிறுத்தி ஒரு லாரிக்காரரிடம் பத்து நிமிடம் நியாயம் கேட்டவர். வெள்ளை அங்கிக்குப் பதில் சேலை கட்டிக்கொள்ளலாம் என்று சபையில் அனுமதி வந்தபோது மறுநாளே சேலைக்கு மாறியவரும் அவர்தான். அம்மாவுக்கு அதில் வருத்தம். அங்கி போட்டிருந்தால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள், இப்போது யார் கொடுக்கிறார்கள் என்பாள். நின்றுகொண்டு போனால் கால் தேய்ந்தா போய்விடும் என்பார் அத்தை.

அவருக்குப் பாட்டுக் கிறுக்கும் உண்டு. விடுமுறை கிடைத்தால் ஒரு டேப் ரிக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு துறையூர்ப் பக்கம் கிளம்பிவிடுவார். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று எது காதில் விழுந்தாலும் கேசட்டில் பிடித்துவந்து, அந்த மெட்டுகளில் திருப்பாடல்களை உட்கார வைப்பார். அவருடைய மடத்து ஹாஸ்டல் பெண்கள் ஞாயிறு பூசைக்கு எங்கள் தென்னூர்ப் பங்குக் கோயிலுக்குத்தான் வருவார்கள். காணிக்கை நேரத்தில் அவர்கள் கும்மி மெட்டில் பாடினால் என் கால் தானாக ஆடும், அம்மா தொடையில் கிள்ளுவாள்.

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்ததையே இன்னும் மன்னிக்காத பெரியவர்கள் இரண்டு பேர் எங்கள் பங்கில் அப்போது இருந்தார்கள். கிதார் வந்தபோது அவர்கள் முன் பெஞ்சிலிருந்து நடு பெஞ்சுக்குப் போனார்கள். அத்தையின் கும்மி வந்ததும் கடைசி பெஞ்சுக்குப் போனார்கள். இனி ஏதாவது புதிதாக வந்தால் அவர்கள் வாசலில்தான் உட்கார வேண்டும் என்று அப்பா ஒரு முறை சொல்லிச் சிரித்தார். அப்பா அப்படி வாய்விட்டுச் சிரிப்பது அபூர்வம் என்பதால் அது நினைவில் இருக்கிறது.

அப்பா ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். காலையில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்துப் போய், மாலையில் அதே பஸ்ஸில் வருவார். கசங்காத சட்டை, அதிராத பேச்சு. அவருடைய சொந்த ஊர் துறையூருக்கு அந்தப் பக்கம் எங்கோ இருந்தது. நான் அதைப் பார்த்ததில்லை. லீவுக்கு எல்லாரும் ஊருக்குப் போகிறார்களே, நாம் ஏன் போவதில்லை என்று கேட்டால், "அந்தத் தண்ணி உனக்கு ஒத்துக்காது பாப்பா" என்பார். ஒன்பது வயதுவரை துறையூர்ப் பக்கத்துக் கிணறுகளில் எல்லாம் விஷம் கலந்திருப்பதாகவே நான் நம்பினேன்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருடத் தவக்காலத்தில் அப்பாவுக்கு ஒரு பெரிய விஷயம் வாய்த்தது. பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவரின் சுரூபத்தைக் கண்ணாடி பதித்த மரப்பேழையில் கிடத்தித் தெருக்களைச் சுற்றி வருவார்கள். அந்தப் பேழைதான் தூம்பா. அதைத் தூக்கப் பன்னிரண்டு ஆட்கள். அந்தப் பன்னிரண்டு இடமும் சில குடும்பங்களில் அப்பன் விட்டுப்போனால் பிள்ளைக்கு என்று வந்துகொண்டிருந்தது. அப்பா பதினோரு வருடம் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு தூம்பாவின் பின்னால் நடந்தவர். அந்த வருடம் ஒருவருடைய மகன் துபாய் போய்விட்டான். புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் இளவட்டம். வருடம் முழுக்கப் பூசைக்குத் தவறாமல் வருகிறவர் யார் என்று பார்த்து அப்பாவின் பெயரைச் சேர்த்துவிட்டார்.

அப்பா புது வேட்டி எடுத்தார். அது போதாதென்று பயிற்சியும் எடுத்தார். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் என்னைத் தூக்கி இடது தோளில் உட்கார வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் ஒரே சீராகப் பத்து நடை நடப்பார். தூம்பா குலுங்கக் கூடாது, ஆண்டவருக்கு வலிக்கும் என்பார். நான் உலகத்தையே பார்த்தபடி மேலே உட்கார்ந்திருப்பேன். மலைக்கோட்டை தெரியும். காவிரிக்கு அந்தப் பக்கம் ராஜகோபுரத்தின் உச்சி தெரியும். ஒரு நாள் நடந்துகொண்டே அம்மாவிடம், பெருமாளைத் தோளில் சுமப்பவர்களைப் பற்றித் தன் பள்ளிக்கூடத்துச் சமஸ்கிருத வாத்தியார் சொன்னதைச் சொன்னார். "எங்க பெருமாளுக்கு ஸ்ரீபாதம் தாங்கறவாளுக்கு அது ஜென்ம பாக்யம். உங்களுக்கும் கிடைச்சுடுத்தே ஸார்" என்றாராம். அதை அப்பா அந்த வாரம் நாலு தடவை சொன்னார். கொடுத்துவைத்தவர்தான் போங்கள் என்று அம்மா கேலி செய்தாலும், அந்த வேட்டியை அவளே மூன்று முறை மடித்து வைத்தாள்.

பெரிய வெள்ளிக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிறுக்கு மூன்று வாரம் முன்பு அத்தை மொபெட்டில் வந்து இறங்கினார். காபி ஆறுவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டார். இந்த வருடம் தூம்பாவுக்கு முன்னால் ஹாஸ்டல் பெண்கள் எட்டு பேர் பறை அடித்துக்கொண்டு போகப் போகிறார்கள். சாமியாரும் சரி என்றுவிட்டார்.

பெரிய வியாழன் இரவோடு கோயிலில் மணி ஓசை நின்றுவிடும். உயிர்ப்பு வரை மணிக்குப் பதிலாக மரப்பலகையைத்தான் தட்டுவார்கள், வாத்தியம் எதுவும் கூடாது. ஆனால் தூம்பா ஊர்வலம் வழிபாடு முடிந்த பிறகு தெருவில் நடப்பது, அதற்கு அந்தச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்பது அத்தையின் வாதம். "நம்ம பக்கத்துல எந்தச் சாவு சத்தமில்லாமப் போகுது தம்பி? ஆண்டவரை மட்டும் ஏன் அனாதைப் பொணம் மாதிரி அனுப்பணும்?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து அடுப்படிக்குப் போனார். அத்தையும் பின்னால் போனார். நான் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன், அவர்கள் என்னைக் கணக்கில் எடுக்கவில்லை.

"வேண்டாம்க்கா."

"ஏன்டா வேண்டாம்? கடவுள் முன்னாடி கொண்டு வந்து வெச்சாதானே அதுல ஒட்டியிருக்குற அசிங்கம் போகும்?"

"நீ வீட்டுக்குள்ள உக்காந்து கேட்டவ. உனக்கு அது பாட்டு. அடிச்சவன் நான்."

இது சாமியாரிடம் சொல்லி முடிவாகிவிட்டது, பிள்ளைகள் ஆசையாக இருக்கிறார்கள் என்றார் அத்தை. அப்பா ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். நம் ஊர்ப் பேச்சு மட்டும் வெளியில் வரக்கூடாது. அத்தை தன் கழுத்துச் சிலுவையைத் தொட்டு ஒப்புக்கொண்டார்.

அன்று எனக்குத் தெரியாததை இப்போது சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பறை அடிப்பது எங்கள் தாத்தாவின் குடும்பத்து வேலை. அவர்களாகத் தேடிக்கொண்ட வேலை அல்ல, இந்தத் தெருவில் பிறந்தவன் இதைச் செய்ய வேண்டும் என்று ஊர் தலையில் கட்டிய வேலை. அப்பா எட்டு வயதிலிருந்து தாத்தாவோடு போனார். ராத்திரி முழுக்க அடித்துவிட்டு மறுநாள் பள்ளிக்கூடம் போனால், அவர் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம் என்பதால் எதுவும் மாறவில்லை, ஊர்க் கோயிலிலும் அவர்களுக்கு ஓரத்தில்தான் இடம். படித்து, வேலை வாங்கி, திருச்சிக்கு வந்து, அந்தப் பறையைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தார். எங்கள் பங்கில் யாரும் யாரிடமும் சாதி கேட்க மாட்டார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, எங்கே பெண் எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்பார்கள். அப்பா துறையூர் என்பதோடு நிறுத்திக்கொள்வார். பன்னிரண்டு தோள்களில் ஒன்றாக அவர் நிற்கப்போவது அந்த நிறுத்தத்தை நம்பித்தான்.

பெண்கள் பழகியது மடத்து மொட்டைமாடியில். துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் மூன்று ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் வந்து அடி சொல்லிக் கொடுத்தார். மீதியை அத்தை கேசட்டைப் போட்டுப் போட்டு ஏற்றினார். பிலோமி அக்கா என்று நெடுநெடுவென்று ஒருத்தி, அவள்தான் தலைமை. பங்குனி வெயிலில் தோல் விறைத்து, தட்டினால் கணீர் என்றது. நானும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். எனக்கும் ஒன்று கொடுங்கள் என்று அழுததில், நீ ஜெருசலேம் நகரத்துப் பெண்ணாக வா என்று ஒரு கறுப்புத் துணியைத் தலையில் போட்டுச் சமாதானம் செய்தார்கள். ஆண்டவருக்காக அழுதுகொண்டு தூம்பாவுக்கு முன்னால் நடக்கும் ஆறு சிறுமிகளில் நானும் ஒருத்தியானேன்.

பெரிய வெள்ளியன்று வழிபாடு மூன்று மணிக்குத் தொடங்கியது. ஆண்டவர் பட்ட பாடுகளின் வாசகம் பாதி நடக்கும்போதே கூரையில் மழை விழும் சத்தம் கேட்டது. கோடை மழை, பதினைந்து நிமிடம் கொட்டிவிட்டு நின்றுவிட்டது. பெரிய வெள்ளிக்கு மழை பெய்யாமல் இருக்காது என்று எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். எட்டுப் பறைகளையும் வெளிச்சுவரில் சாத்தி வைத்திருந்தது யாருக்கும் நினைவு வரவில்லை.

சுரூபத்தை இறக்கித் தூம்பாவில் கிடத்தி, பன்னிரண்டு பேரும் தோள் கொடுத்து வாசல் முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்பா இடது பக்கம் மூன்றாவது ஆள். புது வேட்டி, எண்ணெய் வைத்து வாரிய தலை. நான் தலைத்துணியை விலக்கிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கையைக் காட்டினார். பிலோமி அக்கா குச்சியை ஓங்கி அடித்தாள்.

தொப் என்றது.

எட்டு பேரும் அடித்துப் பார்த்தார்கள். நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டினால் வரும் சத்தம்தான் வந்தது. வெயிலிலேயே பழகியதால், தோல் தளர்ந்தால் என்ன செய்வது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அத்தைக்கும் தெரியவில்லை. அத்தனை கேசட்டில் அத்தனை அடி பிடித்து வைத்திருந்தாரே தவிர, அடிப்பதற்கு முன்னால் என்ன நடக்கும் என்பதை அவர் பார்த்ததே இல்லை. சாவு வீட்டு முனையில் ஆண்கள் கூடும் இடத்துக்குப் பெண்பிள்ளையை யார் விட்டார்கள். இரண்டு மெழுகுதிரியைச் சேர்த்துப் பிடித்துத் தோலுக்குக் கீழே காட்டினார். கரிதான் பிடித்தது.

தூம்பாவின் வலது பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், "ஆண்டவருக்கே இஷ்டமில்ல போலருக்கு சிஸ்டர்" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிலோமி அக்கா அழ ஆரம்பித்தாள். சாமியார் வானத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு மழை வருவதற்குள் கிளம்பிவிடலாம், பறையை வைத்துவிடுங்கள் என்றார். லாரிக்காரரிடம் நியாயம் கேட்ட என் அத்தை பேச்சில்லாமல் நின்றதை நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன், எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன். பிறகு கண்ணைத் திறந்து, பின்னால் நின்ற ஆளிடம், "கொஞ்சம் புடிங்க" என்றார். தோளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஓரத்தில் காத்திருந்த ஒருவர் சட்டென்று அந்த இடத்தில் புகுந்துகொண்டார்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை தன் அறைக்குப் பின்னால் கூரைக்கடியில் அடுக்கி வைத்திருந்த காய்ந்த தென்னோலையில் இரண்டை அப்பா இழுத்து வந்தார். கிழித்துக் குவித்துப் பற்றவைத்தார். பிலோமி அக்கா ஒரு கட்டையைக் கொண்டுவந்தபோது, "கட்டை வேணாம்மா, தோல் கருகிப்போயிரும். ஓலை போதும்" என்றார். முதல் பறையை வாங்கி, தீயில் காட்டாமல் அனலில் மட்டும் காட்டி, சுற்றிச் சுற்றித் திருப்பினார். இடையிடையே காதருகே கொண்டுபோய் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மறுபடியும் அனல், மறுபடியும் காது. யாரோ ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையைத் தொடங்கினார்கள், கூட்டம் அதைச் சொல்லிக்கொண்டே அவரைப் பார்த்தது. ஸ்ரீரங்கத்து கிளார்க் குத்த வைத்து உட்கார்ந்து, புது வேட்டியில் சாம்பல் பறக்க, எட்டுப் பறையையும் ஒவ்வொன்றாகக் காய்ச்சி எடுத்தார்.

கடைசிப் பறையை அவர் உடனே கொடுக்கவில்லை. எழுந்து நின்று, தோளில் மாட்டி, இரண்டு குச்சியையும் வாங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு சின்ன அடிக்கோர்வை, மூச்சு இழுத்துவிடும் நேரம். செபமாலை நின்றுவிட்டது. அந்தக் கை நேற்று இன்று பழகிய கை இல்லை என்பது முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்பா பறையைக் கழற்றி பிலோமி அக்காவிடம் கொடுத்தார். "தூக்குறப்ப மெதுவா ஆரம்பிங்க. தெரு முனை திரும்புறப்ப அடி மாத்தணும். அவசரப்படக் கூடாது" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு தூம்பாவிடம் போனார். இடது பக்கம் மூன்றாவது இடத்தில் இருந்தவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அப்பா கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் கூட்டத்தின் பின்னால் போனார். அம்மா தன் மெழுகுதிரியை அவர் கையில் கொடுத்தாள்.

அன்றைய ஊர்வலம் போல் ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பறைச் சத்தம் கேட்டு வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சாவு என்று நினைத்து வந்தவர்கள், சாவுதான் என்று கண்டு செருப்பைக் கழற்றி நின்றார்கள். கறிக்கடை பாய் ஷட்டரைப் பாதி இறக்கினார். ஒவ்வொரு முனையிலும் அடி மாறியபோது பெண்கள் விம்மியது கேட்டது. கடைசி பெஞ்சுப் பெரியவர்கள் இருவரில் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்தார், ஆனால் அதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஊரே அழுதது, நான் மட்டும் அழவில்லை. இத்தனை பேருக்குத் தெரியாதது என் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது என்ற பெருமையில் எனக்கு வாய் காதுவரை விரிந்திருந்தது. ஜெருசலேம் பெண் ஒருத்தி ஊர்வலம் முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தாள் என்று மறைக்கல்வி டீச்சர் அம்மாவிடம் புகார் செய்தார்.

ஊர்வலம் திரும்பியதும் அத்தையைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அத்தையின் கண் இன்னும் ஈரமாக இருந்தது. "உங்க தாத்தா கையில இருந்து வந்தது கண்ணு. சுத்துப்பட்டு ஊருல அவர் மாதிரி அடிக்க ஆள் கிடையாது" என்றார். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். சிலுவையைத் தொட்டுக் கொடுத்த வாக்கை நான் கேட்டதற்காக மீறிவிட்டார். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார். ஆனால் ஒன்பது வயதுக்காரியிடம் அப்படிச் சொல்வது, பால் காய்கிறது பார்த்துக்கொள் என்று பூனையிடம் சொல்வது போலத்தான்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து மறைக்கல்வி வகுப்பில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் தாத்தா எப்பேர்ப்பட்ட பறைக்காரர், எத்தனை சாவுக்கு அடித்தார் என்று எனக்குத் தெரியாததையும் சேர்த்துச் சொன்னேன். டீச்சர் மிகவும் அன்பாகக் கேட்டார். எந்த ஊரு கண்ணு, ஊருக்குள்ளயா, தள்ளியா என்று கேட்டார். ஊர்ப் பெயர் எனக்குத் தெரியும், அப்பாவுக்கு வரும் கடித உறையில் படித்திருக்கிறேன். சொன்னேன். நான் சொன்ன எதையும் அதுவரை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அன்று வீட்டுக்குக் குதித்துக்கொண்டு வந்தேன்.

இப்போது அந்தக் கோயிலில் பறை இல்லாமல் திருவிழா இல்லை. பிலோமி அக்கா ஒரு குழு வைத்திருக்கிறாள், அரசு விழாக்களில் எல்லாம் அடிக்கிறாள், மாலை போடுகிறார்கள். எல்லாம் எங்கே தொடங்கியது என்று மேடையில் என் அத்தையின் பெயரைச் சொல்வாள். அத்தைக்கு இப்போது நடக்க முடியவில்லை, சபையின் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனபோது பழைய கேசட் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "நான் நெனச்சது நடந்துச்சு. ஆனா உங்கப்பன் பேச்சைக் கேக்காம நடத்திட்டேன்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதில் என் பங்கு என்ன என்று சொல்ல எனக்கும் துணிவு வரவில்லை.

அந்த ஊர்வலத்துக்கு அடுத்த வருடக் குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும், வழக்கம்போல் தூம்பா தூக்குகிறவர்களின் பெயர்களை வாசித்தார்கள். பன்னிரண்டு பெயரையும் நான் விரல் விட்டு எண்ணினேன். அப்பாவின் பெயர் வரவில்லை. வெளியே வந்ததும், நாங்கள் கேட்பதற்கு முன்பே, "நான்தான் வேண்டாம்னுட்டேன். தோள் வலி" என்றார். அம்மா குருத்தோலையை இறுக்கிப் பிடித்தபடி தரையைப் பார்த்து நடந்தாள்.

முந்தின வருடத் தவக்காலம் முழுக்க என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாரே, அதில் வந்த வலியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் நீலகிரித் தைலத்தை எடுத்துக்கொண்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"என்னாலதானாப்பா வலிக்குது?"

அப்பா கையைப் பின்னால் நீட்டி என் கன்னத்தைத் தொட்டார்.

"உன்னால இல்ல பாப்பா. நீ என்ன கனமா கனத்த?"

எந்த இடம் என்று கேட்டேன். அவர் இடது தோளைக் காட்டினார். நான் இரண்டு கையாலும் தேய்த்தேன், அவர் போதும் என்று சொல்லும்வரை தேய்த்தேன். கொஞ்சம் பரவாயில்லை என்றார். நான் நம்பினேன்.